தாய்லாந்து சினிமாவும் உலக விருதுகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொரியப் படம், ஈரானியப் படம் என்றால் நம் ஆட்கள் பத்து பெயராவது சொல்லிவிடுவார்கள். தாய்லாந்து என்றதும் டோனி ஜா போடும் சண்டை, நள்ளிரவுப் பேய்ப் படம், அதோடு பேச்சு நின்றுவிடும். ஆனால் கான், வெனிஸ், ராட்டர்டாம் திரைப்பட விழாக்களில் கடந்த இருபத்தைந்து வருடங்களாக அந்த நாடு தொடர்ந்து விருது வாங்கிக்கொண்டிருக்கிறது. இதைப் பற்றிப் பேசும்போதெல்லாம் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளும் எனக்குத் தெரிந்த பதில்களும் கீழே.

தாய்லாந்து படம் ஏதாவது ஆஸ்கர் வாங்கியிருக்கிறதா?

இல்லை. ஐந்து படங்கள் கொண்ட இறுதிப் பரிந்துரைக்குக்கூட இதுவரை ஒன்றும் போனதில்லை. 1984-லேயே முதல் படத்தை அனுப்பிப் பார்த்தார்கள், இடையில் நீண்ட இடைவெளி, தொண்ணூறுகளின் பிற்பகுதியிலிருந்து ஏறக்குறைய ஆண்டு தவறாமல் அனுப்புகிறார்கள். அதிகபட்சமாக எட்டிய இடம் 2024 டிசம்பரில் வந்த 15 படங்களின் குறும்பட்டியல். அந்தப் படம் ‘லான் மா’, ஆங்கிலத்தில் ‘ஹௌ டு மேக் மில்லியன்ஸ் பிஃபோர் கிராண்ட்மா டைஸ்’. ஐந்தாகச் சுருங்கியபோது வெளியே போய்விட்டது.

அப்படியென்றால் இவ்வளவு பெரிதாகப் பேசுவதற்கு என்ன இருக்கிறது?

கான் இருக்கிறது. 2010-இல் அபிச்சாட்போங் வீரசேதகுல் இயக்கிய ‘அங்கிள் பூன்மீ’ (முழுப் பெயர் ‘முற்பிறவிகளை நினைவுகூரும் பூன்மீ மாமா’ என்கிற மாதிரி நீளமானது) கான் விழாவின் மிக உயர்ந்த தங்கப் பனை விருதை வாங்கியது. தென்கிழக்கு ஆசியாவுக்கே அதுதான் முதல் தங்கப் பனை. ஆசியாவுக்கு 1997-க்குப் பிறகு அப்போதுதான் கிடைத்தது. நடுவர் குழுத் தலைவர் ஹாலிவுட்டின் டிம் பர்ட்டன். அவரும் பேய், பிசாசு, விநோத உருவங்களிலேயே ஊறியவர் என்பதால் அன்றைக்குப் பலர் ‘இவர் கொடுக்காமல் வேறு யார் கொடுப்பார்’ என்று சிரித்தார்கள். மேடையேறிய அபிச்சாட்போங்கும் தாய்லாந்தின் ஆவிகளுக்கும் பேய்களுக்கும் நன்றி சொன்னார்.

அந்த வாரத்தில் அவர் ஊர் எப்படி இருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பாங்காக்கின் நடு வணிகப் பகுதியில் வாரக்கணக்கில் உட்கார்ந்திருந்த சிவப்புச் சட்டைப் போராட்டக்காரர்களை மே 19 அன்று ராணுவம் அடித்துக் கலைத்தது, பெரிய வணிக வளாகம் ஒன்று தீப்பற்றி எரிந்தது, நகரத்தில் ஊரடங்கு. நான்கு நாள் கழித்து, மே 23 அன்று, விருது அறிவிப்பு. போராட்டக்காரர்களில் பெரும் பகுதி இசான் என்கிற வடகிழக்கு மாநிலங்களிலிருந்து வந்த ஏழைகள். விருது வாங்கிய படமும் இசானில் எடுத்தது, அதன் மாந்தர்களும் அந்த வட்டாரப் பேச்சைத்தான் பேசுகிறார்கள்.

அந்தப் படத்தில் அப்படி என்னதான் இருக்கிறது? பாதியில் தூங்கிவிட்டேன்.

தூங்கினால் தப்பில்லை, பலருக்கும் நேர்ந்ததுதான். ஒரே ஒரு காட்சியை மட்டும் திரும்பப் போட்டுப் பாருங்கள். சிறுநீரகம் கெட்டுப்போய்ச் சாகக் காத்திருக்கும் பூன்மீ, தோட்டத்து வீட்டின் திறந்த தாழ்வாரத்தில் மைத்துனி, அவளுடைய உறவுப் பையன் ஆகியோரோடு ராச்சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருக்கிறார். காலியாக இருந்த நாற்காலியில் மெல்ல ஓர் உருவம் தெளிகிறது. பல வருடம் முன்பு செத்துப்போன மனைவி. யாரும் அலறவில்லை, தட்டைத் தூக்கி எறியவில்லை, பின்னணி இசை கிறீச்சிடவில்லை. கொஞ்சம் திகைக்கிறார்கள், அவ்வளவுதான், அப்புறம் பேச்சு தொடர்கிறது. சற்று நேரத்தில் படிக்கட்டின் இருட்டில் இரண்டு சிவப்புக் கண்கள். காணாமல் போன மகன், உடம்பெல்லாம் மயிர் மூடி, குரங்கு ஆவியாக மாறித் திரும்பி வந்திருக்கிறான். அவனையும் உட்காரச் சொல்லிப் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

இதை டிஜிட்டல் வித்தையாகச் செய்யாமல், அந்தக் காலத்துத் தாய்லாந்து டிவி நாடகங்களில் பேய் வருமே அதே பழைய மோஸ்தரில், வேண்டுமென்றே எளிமையாகச் செய்திருக்கிறார். படத்தை எடுத்தது 16 மி.மீ. ஃபிலிமில். ஒவ்வொரு ரீலும் ஒவ்வொரு வகைச் சினிமாவுக்கு அஞ்சலி மாதிரி இருக்க வேண்டும் என்று திட்டமிட்டு, ஆறு ரீலுக்கு ஆறு தொனி. தன் பழைய பிறவிகளைச் சொன்ன ஒரு மனிதரைப் பற்றி இசான் பௌத்தத் துறவி ஒருவர் எழுதிய சிறு புத்தகம்தான் கதைக்கு விதை. ராணுவமும் கம்யூனிஸ்ட் விவசாயிகளும் 1965-இல் மோதிய நபுவா கிராமத்தில் அவர் செய்த கலைப்பணியும் படத்துக்குள் கலந்திருக்கிறது. பூன்மீ தன் நோயைப் பற்றிப் பேசும்போது, நான் நிறைய கம்யூனிஸ்டுகளைக் கொன்றேன், அந்தக் கர்மவினைதான் இது என்று போகிற போக்கில் சொல்கிறார் பாருங்கள், அந்த இடத்தில் காதைத் தீட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

அபிச்சாட்போங் என்பவர் யார், ஏன் இந்தப் பெயரே எல்லா இடத்திலும் வருகிறது?

1970-இல் பாங்காக்கில் பிறந்து கோன் கேன் நகரத்தில் வளர்ந்தவர். அப்பா, அம்மா இருவரும் மருத்துவர்கள், அதனால்தான் இவர் படங்களில் ஆஸ்பத்திரிகள் இத்தனை. கட்டடக்கலை படித்துவிட்டு சிகாகோவில் சினிமா படித்தார். 2002-இல் ‘பிளிஸ்ஃபுலி யுவர்ஸ்’ படத்துக்குக் கான் விழாவின் ‘அன் சர்டெய்ன் ரிகார்ட்’ பிரிவில் முதல் பரிசு. 2004-இல் ‘டிராபிகல் மேலடி’க்கு அதே விழாவின் முதன்மைப் போட்டியில் நடுவர் பரிசு; அந்த வருட நடுவர் தலைவர் குவென்டின் டரான்டினோ. 2010-இல் தங்கப் பனை. 2021-இல் ‘மெமோரியா’வுக்கு மறுபடி நடுவர் பரிசு. ஒரே விழாவில் ஒரு மனிதர் இத்தனை வாங்கினால் பெயர் வரத்தானே செய்யும்.

கானில் ஜெயித்த படம் ஆஸ்கரில் ஏன் தேறவில்லை?

இரண்டும் வெவ்வேறு ஆட்டம். கானில் படத்தைத் தேர்ந்தெடுப்பது விழா, பரிசு கொடுப்பது பத்துப் பேருக்குள் இருக்கும் ஒரு நடுவர் குழு. அந்தச் சிலருக்குப் பிடித்துப் போனால் போதும். ஆஸ்கரின் சர்வதேசப் படப் பிரிவில் முதலில் உங்கள் நாடு உங்கள் படத்தை அனுப்ப வேண்டும், ஒரு நாட்டுக்கு ஒரே படம். தாய்லாந்தில் இதைச் செய்வது திரைத்துறைச் சங்கங்களின் தேசியக் கூட்டமைப்பு. படம் சொந்த நாட்டுத் தியேட்டரில் குறைந்தது ஏழு நாள் ஓடியிருக்க வேண்டும், வசனத்தில் பாதிக்கு மேல் ஆங்கிலமில்லாத மொழியாக இருக்க வேண்டும். அதன் பிறகு அகாடமி உறுப்பினர்கள் ஏராளமானோர் அதைப் பார்த்து ஓட்டுப் போட வேண்டும். அவர்களைப் பார்க்க வைப்பதற்கே அமெரிக்க விநியோகஸ்தர், சிறப்புக் காட்சிகள், விளம்பரம் என்று காசு இறைக்க வேண்டும். ‘அங்கிள் பூன்மீ’யைத் தாய்லாந்து முறையாக அனுப்பத்தான் செய்தது. அந்த வருடக் குறும்பட்டியலில் இருந்த ஒன்பதில் அது இல்லை.

நல்ல படத்தை விட்டுவிட்டு வேறு படத்தை அனுப்புகிறார்கள் என்கிறார்களே, நிஜமா?

சில வருடங்களில் அப்படித்தான் தோன்றுகிறது. 2004-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ‘டிராபிகல் மேலடி’ கானில் பரிசு வாங்கிய அதே வருடம் கூட்டமைப்பு அனுப்பியது ‘ஹோம் ரோங்’, ஆங்கிலத்தில் ‘தி ஓவர்சர்’. ரனாட் என்கிற மூங்கில்/மரப் பலகை வாத்தியத்தை வாசிக்கும் அரண்மனைக் கலைஞர் பற்றிய படம். மோசமான படம் என்று சொல்லிவிட முடியாது, வாத்தியப் போட்டிக் காட்சி அபாரமாக இருக்கும். ஆனால் தேர்வுக்குழுவின் மனசு எங்கே இருக்கிறது என்று அதில் தெரிந்துவிடுகிறது: நாட்டுப் பெருமை, பாரம்பரியம், ராஜ பரம்பரை. சில வருடம் கழித்து மன்னர் நரேசுவன் பற்றிய பிரம்மாண்டச் சரித்திரப் படமும் இதே வழியில் போனது.

எப்போதும் அப்படி இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். 2017-இல் அனோச்சா சுவிச்சாகோர்ன்போங் எடுத்த ‘பை த டைம் இட் கெட்ஸ் டார்க்’ படத்தை அனுப்பினார்கள். 1976 அக்டோபர் 6 அன்று தம்மசாட் பல்கலைக்கழகத்தில் மாணவர்கள் கொல்லப்பட்டதைச் சுற்றி நகரும் படம் அது. அங்கே பாடப்புத்தகமே பேசத் தயங்கும் விஷயம்.

பாட்டி படம் மட்டும் எப்படிக் குறும்பட்டியல் வரை போனது?

‘லான் மா’ விழாக்களால் வளர்ந்த படம் இல்லை. ஜி.டி.எச். என்கிற பெரிய கம்பெனி எடுத்த முழு வணிகப் படம், பட் பூன்னிதிபட் என்பவருக்கு முதல் படம். பாட்டிக்குப் புற்றுநோய் என்று தெரிந்ததும், வேலைவெட்டி இல்லாமல் கேம் விளையாடிக்கொண்டிருக்கும் பேரன் வீட்டைத் தன் பெயருக்கு எழுதி வாங்கலாம் என்ற கணக்கில் அவளைப் பார்த்துக்கொள்ளப் போகிறான். இடம் பாங்காக்கின் தலாத் ப்லூ பகுதி, சீன வம்சாவளிக் குடும்பம், பாட்டி விடியற்காலையில் எழுந்து அரிசிக் கஞ்சி விற்பவள். பாட்டியாக நடித்த உஷா சீம்கும் எழுபது வயதைத் தாண்டியவர், அவருக்கு இதுதான் முதல் சினிமா.

2024 ஏப்ரலில் வந்தது. தாய்லாந்தில் ஓடியது, அதைவிட ஆச்சரியமாக இந்தோனேசியா, மலேசியா, சிங்கப்பூர், பிலிப்பைன்ஸ் என்று வரிசையாக ஓடியது. படம் முடிந்து வெளியே வருகிறவர்கள் அழுத முகத்தைச் செல்போனில் எடுத்து டிக்டாக்கில் போட, அதுவே விளம்பரமாகிவிட்டது. என் கணக்கில் அதை அங்கே கொண்டுபோனது கண்ணீர் இல்லை, படத்தில் இருக்கிற பணக்கணக்கு. எந்தப் பிள்ளைக்கு வீடு, எந்தப் பிள்ளைக்குக் கடன், பார்த்துக்கொண்ட மகளுக்கு என்ன கிடைத்தது என்று ஒவ்வொரு காட்சியிலும் ஒரு பைசா பாக்கி விடாமல் கணக்குப் பார்க்கிற படம் அது. பாகப்பிரிவினை பார்த்த எந்தக் குடும்பத்துக்கும் அதற்கு விளக்கம் வேண்டியதில்லை. அந்த ஆண்டு போட்டிக்குத் தகுதி பெற்ற நாடுகள் 85, அதிலிருந்து பதினைந்துக்குள் வந்தது சாதாரண விஷயமில்லை.

இதெல்லாம் 2000-க்குப் பிறகு வந்த சமாச்சாரம்தானே?

இல்லவே இல்லை, எழுபது வருடக் கதை. ரத்தனா பெஸ்டோன்ஜி என்று ஒருவர். பார்சி வம்சாவளி, பாங்காக்கில் பிறந்தவர், பொறியியல் படித்தவர். அவர் தயாரித்து ஒளிப்பதிவு செய்த ‘சந்தி-வீணா’ 1954-இல் டோக்கியோவில் நடந்த ஆசியத் திரைப்பட விழாவில் ஒளிப்பதிவு, கலை இயக்கம் உட்பட விருதுகள் வாங்கியது. கூடவே ஒரு மிட்செல் கேமராவும் பரிசு. நாட்டுக்குப் பெருமை சேர்த்துவிட்டுத் திரும்பிய மனிதரிடம் அந்தக் கேமராவுக்கு இறக்குமதி வரி கட்டு என்றது அரசாங்கம். கட்டினார்.

அவர் இயக்கிய ‘பிளாக் சில்க்’ 1961-இல் பெர்லின் விழாப் போட்டியில் இருந்தது. 1970-இல், ஹாலிவுட் படங்களுக்கு நடுவே உள்ளூர் சினிமாவுக்கு அரசு ஆதரவு வேண்டும் என்று ஒரு கூட்டத்தில் பேசிக்கொண்டிருக்கும்போதே மயங்கி விழுந்து இறந்துபோனார். ‘சந்தி-வீணா’வின் நெகட்டிவ் தொலைந்துபோனதாகவே பல பத்தாண்டுகள் நினைத்திருந்தார்கள். பிறகு லண்டன், மாஸ்கோ, பெய்ஜிங் ஆவணக் காப்பகங்களில் பிரதிகள் இருப்பது தெரிந்து, மீட்டெடுத்து, 2016-இல் கான் விழாவின் பழைய படங்கள் பிரிவில் காட்டினார்கள்.

சென்சார் பிரச்சினை உண்மையிலேயே அவ்வளவு மோசமா?

2006-இல் வெனிஸ் போட்டியில் இருந்த ‘சிண்ட்ரோம்ஸ் அண்ட் எ சென்சுரி’க்கு நடந்ததைச் சொல்கிறேன், நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். அபிச்சாட்போங் தன் அப்பா அம்மாவின் காதலை மனதில் வைத்து எடுத்த சாதுவான படம். சென்சார் வெட்டச் சொன்ன காட்சிகள்: பௌத்தத் துறவி கிட்டார் வாசிப்பது, துறவிகள் பறக்கும் தட்டு பொம்மையை வைத்து விளையாடுவது, மருத்துவர்கள் ஆஸ்பத்திரியில் மது குடிப்பது, ஒரு மருத்துவர் காதலியை முத்தமிடுவது. இயக்குநர் மறுத்துப் படத்தையே திரும்பப் பெறப் போனால், வெட்டாமல் பிரதியைத் தரமாட்டோம் என்றார்கள். 2007-இல் கலாசார அமைச்சக அதிகாரி ஒருவர் டைம் பத்திரிகையிடம், இவர் படங்களை யாரும் பார்ப்பதில்லை, தாய்லாந்து மக்களுக்குச் சிரிப்புப் படம்தான் பிடிக்கும் என்கிற ரீதியில் பேசினார். மூன்றே வருடத்தில் தங்கப் பனை வந்தது.

அந்தப் படம் 2008-இல் பாங்காக்கில் ஒருவழியாகத் திரையிடப்பட்டபோது, வெட்டச் சொன்ன இடங்களில் எல்லாம் ஒலியே இல்லாத கறுப்பு ஃபிலிமை ஒட்டினார். காட்சி இருந்திருக்க வேண்டிய நேரம் முழுக்க மக்கள் இருட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். இதைவிட நல்ல எதிர்ப்பை நான் சினிமாவில் கேள்விப்பட்டதில்லை.

அதுவரை நடப்பில் இருந்தது 1930-ஆம் வருடத்துச் சட்டம். 2008-இல் வந்த புதுச் சட்டம் வயதுவாரித் தரப்பிரிவைக் கொண்டுவந்தது, ஆனால் அடியில் தடை செய்யும் அதிகாரத்தையும் விட்டுவைத்தது. அதை வைத்தே ‘இன்செக்ட்ஸ் இன் த பேக்யார்ட்’ 2010-இல் தடைபட்டது. பல வருடம் கோர்ட்டில் அலைந்து மூன்று விநாடி மட்டும் வெட்டி 2017-இல்தான் வெளிவந்தது. அதன் இயக்குநர் தன்வாரின் சுக்கபிசிட் 2019-இல் நாடாளுமன்ற உறுப்பினர் ஆனார், அந்த நாட்டின் முதல் திருநர் உறுப்பினர்களில் ஒருவர். மேக்பெத்தைத் தழுவிய ‘ஷேக்ஸ்பியர் மஸ்ட் டை’ 2012-இல் தடைபட்டு 2024-இல் உச்ச நிர்வாக நீதிமன்றம் சொன்ன பிறகே தியேட்டருக்கு வந்தது.

இந்தப் படங்களுக்குப் பணம் யார் போடுகிறார்கள்?

பெரும்பாலும் வெளியே. ‘அங்கிள் பூன்மீ’யின் தயாரிப்பாளர் பட்டியலில் பிரிட்டன், பிரான்ஸ், ஜெர்மனி, ஸ்பெயின் கம்பெனிகள் இருக்கின்றன. ராட்டர்டாம் விழாவின் ஹியூபர்ட் பால்ஸ் நிதி பல புது இயக்குநர்களுக்குக் கைகொடுத்திருக்கிறது. உள்நாட்டு அரசுப் பணம் 2010-இல் ஒருமுறை பெரிதாக வந்தது: 20 கோடி பாத் (தாய்லாந்து நாணயம்) ஒதுக்கினார்கள், முதல் அறிவிப்பில் அதில் பாதியை ஒரே ஒரு சரித்திரப் படத்துக்கு, அதே நரேசுவன் வரிசைக்கு, கொடுப்பதாக இருந்தது. சுயாதீன இயக்குநர்கள் கொதித்துப் போனார்கள். சமீப வருடங்களில் அரசாங்கம் ‘மென் அதிகாரம்’ (சாஃப்ட் பவர், அதாவது கலாசாரத்தால் உலகில் செல்வாக்குத் தேடுவது) என்று சொல்லிச் சினிமாவைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறது.

அபிச்சாட்போங்கை விட்டால் வேறு யார்?

நிறைய பேர். விசிட் சசனாதியெங் எடுத்த ‘டியர்ஸ் ஆஃப் த பிளாக் டைகர்’தான் கான் அதிகாரப்பூர்வத் தேர்வில் இடம்பிடித்த முதல் தாய்லாந்து படம், 2001-இல். ரோஜா நிறமும் பச்சையும் கொட்டும் கௌபாய் மெலோடிராமா. அதை மிராமேக்ஸ் என்கிற அமெரிக்க விநியோகக் கம்பெனி வாங்கி, முடிவை மாற்றி, அப்புறம் அலமாரியில் பூட்டிவிட்டது. அமெரிக்காவில் வேறு கம்பெனி மூலம் வெளிவர 2007 ஆகிவிட்டது. பென்-ஏக் ரத்தனாருவாங் இயக்கிய ‘லாஸ்ட் லைஃப் இன் த யூனிவர்ஸ்’ படத்துக்காக ஜப்பானிய நடிகர் அசானோ ததனோபு 2003 வெனிஸில் ஒரு பிரிவில் நடிகர் விருது வாங்கினார்.

ராட்டர்டாமின் டைகர் விருதைப் பாருங்கள். 2008-இல் ஆதித்ய அசரட்டின் ‘வொண்டர்ஃபுல் டவுன்’, 2010-இல் அனோச்சாவின் ‘மண்டேன் ஹிஸ்டரி’, 2011-இல் சிவரோஜ் கோங்சகுலின் ‘இடெர்னிட்டி’, 2015-இல் ஜக்ரவால் நில்தம்ரோங்கின் ‘வானிஷிங் பாயிண்ட்’. 2018 வெனிஸின் ஒரிசோந்தி பிரிவில் சிறந்த படம் புட்டிபோங் அரூன்பெங்கின் ‘மாண்டா ரே’, ரோஹிங்கியா மக்களுக்குச் சமர்ப்பித்த படம். அமெரிக்காவின் சண்டான்ஸ் விழாவில் 2021-இல் ‘ஒன் ஃபார் த ரோட்’ சிறப்பு நடுவர் விருது வாங்கியது, தயாரித்தவர் ஹாங்காங் இயக்குநர் வோங் கார்-வை.

கேமராவுக்குப் பின்னால் சயோம்பு முக்தீப்ரோம். ‘அங்கிள் பூன்மீ’ ஒளிப்பதிவாளர்களில் ஒருவர், பிறகு ‘கால் மீ பை யுவர் நேம்’ எடுத்தவர். ‘சஸ்பீரியா’வுக்காக அமெரிக்காவின் இண்டிபெண்டன்ட் ஸ்பிரிட் விருதும் வாங்கிவிட்டார்.

ஏன் எல்லாப் படத்திலும் பேய்?

எல்லாப் படத்திலும் இல்லை, ஆனால் கேள்வி புரிகிறது. 2025 கான் விழாவின் விமர்சகர் வாரத்தில் முதல் பரிசு வாங்கிய ‘எ யூஸ்ஃபுல் கோஸ்ட்’டிலும் பேய்தான். ரட்சபூம் பூன்பஞ்சசோக்கின் முதல் முழுநீளப் படம். தூசியால் நோய் வந்து செத்துப்போன மனைவி, வீட்டைச் சுத்தம் செய்யும் வேக்யூம் கிளீனருக்குள் புகுந்து கணவனிடம் திரும்பி வருகிறாள். மாமியார் வீடு ஏற்கவில்லை. தன்னால் உபயோகம் உண்டு என்று நிரூபிக்க, மற்ற பேய்களை விரட்டும் வேலையில் இறங்குகிறாள்.

கேட்கச் சிரிப்பாக இருக்கும், பாதிப் படம் சிரிப்புதான். போகப் போக யாரெல்லாம் பேயாக வருகிறார்கள், அவர்களை மறக்கச் செய்வதில் யாருக்கு லாபம் என்று படம் திரும்பும்போது, தாய்லாந்து அரசியல் மொத்தமும் உள்ளே வந்து உட்கார்ந்துவிடுகிறது. பேசக் கூடாத சாவுகள் அதிகம் இருக்கிற நாட்டில் இயக்குநர்கள் பேயைப் பிடித்துக்கொள்வதில் ஆச்சரியம் இல்லை. கதாநாயகி தவிகா ஹோர்ன், 2013-இல் வசூலை அள்ளிய ‘பீ மாக்’கில் பிள்ளைப்பேற்றில் செத்துப்போன நாக் என்ற புகழ்பெற்ற பேயாகவும் நடித்தவர். அந்த ஊர் ரசிகர்களுக்கு இது கூடுதல் குஷி. 2025-இல் தாய்லாந்து ஆஸ்கருக்கு அனுப்பியதும் இந்தப் படத்தைத்தான்.

‘மெமோரியா’ ஏன் கொலம்பியா சார்பில் ஆஸ்கருக்குப் போனது?

அங்கே எடுத்தது, ஸ்பானிஷும் ஆங்கிலமும் பேசும் படம், டில்டா ஸ்விண்டன் நடித்தது. 2014 ராணுவப் புரட்சிக்குப் பிறகு வந்த தன் ‘செமெட்டரி ஆஃப் ஸ்ப்ளெண்டர்’ படத்தை (தூக்க நோயில் கிடக்கும் சிப்பாய்கள் பற்றியது) தாய்லாந்தில் வெளியிடவே வேண்டாம் என்று அபிச்சாட்போங் முடிவெடுத்தார். அடுத்த படத்துக்குத் தென் அமெரிக்கா போய்விட்டார்.

நம்ம ஊருக்கும் இதற்கும் ஏதாவது தொடர்பு உண்டா?

விருதுப் படங்களோடு இல்லை, பேய்ப் படங்களோடு உண்டு. ‘ஷட்டர்’ தமிழில் 2007-இல் ‘சிவி’ ஆனது, ‘அலோன்’ 2012-இல் பிரியாமணி நடித்த ‘சாருலதா’ ஆனது.

சரி, எதில் ஆரம்பிக்கலாம்?

வீட்டோடு உட்கார்ந்து பார்க்க ‘லான் மா’. சிரித்துக்கொண்டே யோசிக்க ‘எ யூஸ்ஃபுல் கோஸ்ட்’. நவபோல் தம்ரோங்ரத்தனாரிட் எடுத்த ‘ஹேப்பி ஓல்ட் இயர்’ வீட்டில் சேர்ந்த பழைய பொருட்களைத் தூக்கிப்போடப் பார்க்கும் பெண்ணைப் பற்றியது, ஒசாகா விழாவில் முதல் பரிசு வாங்கியது, பொறுமையை ரொம்பச் சோதிக்காது. இந்த மூன்றும் பிடித்திருந்தால் அபிச்சாட்போங் பக்கம் போகலாம், அங்கேயும் ‘அங்கிள் பூன்மீ’க்கு முன்னால் ‘டிராபிகல் மேலடி’ பாருங்கள் என்பேன். ஒரு சிப்பாய்க்கும் கிராமத்துப் பையனுக்கும் இடையே காதல் போய்க்கொண்டிருக்கும். நட்டநடுவில் திரை இருண்டு, புதுத் தலைப்பு போட்டு, காட்டுக்குள் புலி ஆவியைத் தேடும் வேறொரு கதை தொடங்கும். டவுன்லோடு கோளாறு என்று நினைத்து நிறுத்திவிடாதீர்கள், படமே அப்படித்தான்.